நாளைக்கான பலகை

சுற்று வட்டாரம் வைத்த பேர் ஒத்தப்பை வீடு.
திசையன்விளைக்குத் தெற்கே
காற்றாலைகள் தொடங்கும் இடத்தில் பஸ் நிற்கும்.
“ஒத்தப்பை எல்லாம் எறங்கு” என்பார் கண்டக்டர்,
சிரிப்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு.

நாற்பத்தோரு பேர். ஒரு அடுக்களை. ஒரு பணப்பை.
மண்வெட்டி இருபத்தாறு, எல்லாவற்றிலும் எண் உண்டு.
சாயங்காலம் ஏழு மணிக்கு
நான் சாக்கட்டியால் பலகை எழுதுவேன்:

எப்சிபா – அடுப்பு
கனகமணி – முருங்கை ஒடிக்க
யோவாசு – கக்கூஸ் நாலும்
தீத்து – தொழுவம்

வேறு பிரசங்கம் அன்றைக்குக் கிடையாது.

வந்த புதிதில் நான் நன்றாக ஜெபிப்பேன்.
பாளையங்கோட்டையில் என் ஜெபத்துக்கு
மூக்கைச் சிந்தி அழுதவர்கள் உண்டு.
இங்கே முதல் ராத்திரி முக்கால் மணி நேரம்.
கண்ணைத் திறந்தால் கூடத்தில் தீத்து மட்டும்,
கால்விரல் இடுக்கில் காய்ந்த சாணியைச் சுரண்டியபடி.
“முடிஞ்சிட்டா யக்கா? லைட்ட அணைக்கணும்.
கரண்டு பில்லும் பொதுதான்.”

மறுநாள் என் பேருக்கு நேரே சாணி வாளி.
முதல் மாதம் உள்ளங்கையில் கொப்புளம்.
இரண்டாம் மாதம் சந்தேகம்.
அவர் இருக்கிறாரா என்று தெரியாத விடியல்
இன்றைக்கும் வாரத்தில் இரண்டு வந்துவிடுகிறது.
அந்த விடியலிலும்
பதினாலு பசுவுக்கு மடி கனக்கிறது.

தீத்து சித்திரைக் கடைசியில் போனான்.
இரண்டு மாடுகளுக்கு நடுவே, உட்கார்ந்த வாக்கில்.
வாளி கவிழ்ந்து கிடந்தது.
பூனை வந்து குடித்துவிட்டுப் போயிற்று.

எங்கள் கல்லறைத் தோட்டம் சுக்கான் பாறை.
நாலு மணிக்கு அடக்கம் என்று சொல்லியாயிற்று.
மூன்றரைக்குக் குழி முழங்கால் மட்டம்.
“ராதாபுரத்திலேருந்து ஜேசிபி வரச்சொல்லுதேன்,
ரூவா நான் தாரேன்” என்றான் அவன் தம்பி, அழுதுகொண்டே.
ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.
ஒருவரும் கடப்பாரையைக் கீழே வைக்கவுமில்லை.

குருவானவர் பாட்டுப் புத்தகத்தில்
விரலை அடையாளம் வைத்து நின்றார், வெகுநேரம்.
நாலே முக்காலுக்கு அங்கியைக் கழற்றி
உடைமுள் வேலியில் போட்டுவிட்டு உள்ளே இறங்கினார்.
அவருக்குக் கடப்பாரை பிடிக்கத் தெரியவில்லை.
யோவாசு இடுப்பைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

கல்லும் மண்ணுமாய்க் கூடை கை மாறி வந்தது.
தீத்துவின் பெண்டாட்டி சந்தோசம்
வரிசையில் எட்டாவதாக நின்றாள்.
வாங்கினாள், கொடுத்தாள், வாங்கினாள்.
யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.
சொல்லியிருக்க வேண்டுமோ என்று
இதை எழுதும்போதும் நினைக்கிறேன்.

இருட்டிய பிறகுதான் இறக்கினோம்.
பாட்டெடுத்தோம். இரண்டாம் அடிக்கு
ஒருத்தரிடமும் மூச்சு இல்லை.
நாற்பது பேர் இரைக்கிற சத்தம் மட்டும்,
மேலே காற்றாலை இறக்கையின் சத்தம் மட்டும்.
குருவானவர் இருமிக்கொண்டே ஆமென் என்றார்.
என் வாழ்நாளில் நான் கூட நின்ற ஜெபங்களில்
அதில்தான் வார்த்தை குறைவு.

ராத்திரி ஒன்பதுக்குப் பலகை.
கை தானாக ஓடியது.
எழுதி முடித்து விலகிப் பார்க்கிறேன்:
தீத்து – தொழுவம்.

பின்னால் பந்தியில் தட்டுச் சத்தம் நின்றது.
ஈரத்துணி கையில்தான் இருந்தது.
சந்தோசம் குழம்பு வாளியை இறக்கி வைத்துவிட்டு
ஒருதரம் வாசித்தாள்.
“கெடக்கட்டும். காலையில மாடு கறக்கணும்லா.”

நாலு மணிக்கு நான் போனபோது
தொழுவத்தில் விளக்கு எரிந்தது.
எனக்கு முன்னே ஆறு பேர்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
ஒரே பசுவின் இரண்டு பக்கமும் குந்தி
தலை முட்டிக்கொண்டார்கள் எப்சிபாவும் கனகமணியும்.
கருப்பி மட்டும் யாரையும் அண்டவிடவில்லை.
எனக்கு முழங்காலில் ஒரு உதை.

அன்றைக்குச் சொசைட்டிக்கு மூன்று லிட்டர் குறைவு.
நோட்டில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
கருப்பி என்று எழுதினேன்.