முதுகுப்பக்கம் ஒரு கை

ஆடி மாதம் பாளையங்கோட்டையில் டோர்னமென்ட் வைத்தவரைக்
காற்றுதான் கேட்க வேண்டும்.
செங்கோட்டைக் கணவாயில் புறப்பட்டு
தென்காசி தாண்டி, ஆலங்குளம் தாண்டி,
வழியில் நிற்கிற காற்றாலைகளை எல்லாம் ஒரு சுற்று சுற்றிவிட்டு
இரண்டாம் நம்பர் கோர்ட்டில் வந்து இறங்குகிறது.
மேலே போட்ட பந்து போட்ட இடத்துக்கு வருவதில்லை.

வலைக்கு முன்னால் குனிந்து நிற்கிறேன்.
சர்வீஸ் ஞானசீலிக்கு. அவள் எனக்குப் பின்னால்.
எதிராளி பார்க்காத இடத்தில், இடுப்புக்குக் கீழே,
என் இடது கை அவளோடு பேசுகிறது.
மூடிய கை: நகர மாட்டேன்.
விரித்த கை: குறுக்கே பாய்வேன், என் இடத்தை நீ பார்த்துக்கொள்.
சுண்டுவிரல்: வெளிப்பக்கம் போடு.
வாயால் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

மாநிலத் தேர்வில், இதே செம்மண்ணில்,
சுண்ணாம்பு எழும்பியதை நான் பார்த்தேன்.
அவுட் என்றாள்.
நடுவர் இறங்கி வருவதற்குள்
பந்து பட்ட தடத்தை ஷூவால் தேய்த்துவிட்டாள்.
அவள் டெல்லி போனாள்.
நான் டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

இப்போது எப்படி ஜோடி?
அவளுடைய புனேக்காரிக்குக் காய்ச்சல்.
என்னுடைய ஜார்ஜியாக்காரிக்கு விசா வரவில்லை.
ஆறு மணிக்குப் பதிவேடு மூடப்போகிற நேரத்தில்
மேசையில் இருந்தவர் இரண்டு பெயரையும்
ஒரே வரியில் எழுதினார்.
இசக்கிசெல்வி ஞானசீலி.
நடுவில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

இன்று காலை ஒற்றையரில்
ஆறுக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று என்று
என்னை அனுப்பிவைத்தவளும் அவள்தான்.

எதிரே ஜப்பான்காரியும் குண்டூர்க்காரியும்.
பாயின்ட் போனாலும் கை தட்டிக்கொள்கிறார்கள்,
வந்தாலும் தட்டிக்கொள்கிறார்கள்.
என்ன பாஷையில் சிரிக்கிறார்களோ.
பார்க்க வந்தவர்கள் பதினாலு பேர்,
தூங்குகிற ஆம்புலன்ஸ் டிரைவரைச் சேர்த்து.

முதல் செட்டில் ஞானசீலியின் சர்வீஸ்
என் பின்கழுத்தில் விழுந்தது.
நான் திரும்பவில்லை.
அவள் மன்னிப்பு கேட்கவில்லை.
அடுத்த பாயின்டுக்கு மூடிய கையைக் காட்டினேன்.

நடுவில் வருகிற பந்து யாருடையது?
மூன்று தடவை இருவருக்கும் இடையே
கல்யாண வீட்டுக்காரனைப் போல நிதானமாக நடந்து போனது,
நாங்கள் இரண்டு வாசற்கால் மாதிரி நின்றோம்.
‘எடுங்களா, யாராவது ஒருத்தி!’ என்று
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தர் கத்தினார்.
வெட்கத்தில் அடுத்ததை இருவருமே எடுத்தோம்.
மட்டைகள் மோதின. பந்து எப்படியோ அந்தப் பக்கம் விழுந்தது.
இரண்டாவது செட் எங்களுக்கு.

பத்துப் பாயின்ட் டைபிரேக்.
எட்டுக்கு ஒன்பது, அவர்கள் பக்கம்.
ஜப்பான்காரி தூக்கிப் போட்ட பந்தைக்
காற்று ஏந்திக்கொண்டு வந்து
ஞானசீலியின் மூலையில் வைத்தது.
அவுட் என்றார் நடுவர்.
அவர்கள் கை தூக்கிக் கேட்கவும் இல்லை.

அவள் குனிந்தாள்.
மட்டையின் நுனியால் தடத்தைச் சுற்றி
ஒரு வட்டம் போட்டாள்.
கோட்டில் பாதி, மண்ணில் பாதி.
‘உள்ளே’ என்றாள்.

ஆட்டம் முடிந்தது.
அன்றைக்கும் பந்து உள்ளேதான், இன்றைக்கும் உள்ளேதான்.
இரண்டு தடவையும் தோற்றது நான்.
இந்த நேர்மைக்கு மூன்று வருஷமாகப் பஸ் கிடைக்கவில்லையா,
ஏட்டி, இன்றைக்குத்தான் வந்து சேர்ந்ததா
என்று கேட்க வாய் வந்தது.
வட்டத்தைப் போய்ப் பார்த்தேன்.
சரியாகத்தான் போட்டிருந்தாள்.

பரிசுப் பணம், வரி போக, ஆளுக்குப் பாதி.
நரம்பு மாற்றினதுக்குச் சரியாகப் போயிற்று.
பெஞ்சில் மட்டையை உறைக்குள் தள்ளிக்கொண்டே சொன்னாள்:
‘கழுத்து வீங்கியிருக்கு. ஐஸ் வை.’
‘தெரிஞ்சுதான அடிச்ச?’

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
‘காத்து’ என்றாள்.

கொடிக்கம்பத்தில் கயிறு
டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.
நம்பலாம்தான்.