மூன்றாம் சங்கிலி

வியாழக்கிழமைதோறும் கடல் வந்து இறங்கும்,
இருபது லிட்டர் கேன்களில்,
கீழக்கரையிலிருந்து காரைக்குடிக்கு.
"என் வண்டித் தரையை உப்பு தின்னுருச்சும்மா.
சங்கிலிய அப்புறம் பாக்கலாம்,
இதுக்கு ஒரு பூச்சு கண்டுபிடிங்க மொதல்ல"
என்பார் ஜீப் ஓட்டும் அடைக்கலம்.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன்
எட்டு கேன் கடல்.

வெளியே கண்மாய் வெடித்துக் கிடக்கிறது.
தைல மரத்தடியில் வெள்ளாடுகள்.
உள்ளே கண்ணாடித் தொட்டியில்
எஃகுத் துண்டுகள் நாற்பது
துருப்பிடிப்பதற்காகவே ஊறுகின்றன.
பதினேழாம் துண்டில் ஒரு கொட்டலசு
எப்படியோ உயிரோடு வந்து ஒட்டிக்கொண்டது.
சுரண்டி எடை போட வேண்டும்.
செவ்வாய்க்கிழமை என்றேன்.
போன செவ்வாய்க்கு முன்பும் அதையேதான் சொன்னேன்.

வங்கியில் கேட்டார்கள்:
"கடல் வேலைன்னா கப்பல்லயா?"
இல்லை, இங்கேதான், ரயில்வே கேட் தாண்டி.
"நிரந்தரமா?"
பதினொரு மாதம். அப்புறம் பதினொரு மாதம்.
நடுவில் ஒரு மாதம் நான் யாருமில்லை.

கடலுக்குள் மொத்தம் இரண்டு தடவை போயிருக்கிறேன்.
இரண்டும் சீனி நைனாவின் படகில்.
இரண்டிலும் வாந்தி.
எலுமிச்சையை நறுக்கி நீட்டிவிட்டு
வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அங்கே எண்பது மீட்டர் ஆழத்துக்கு மேல்
மிதந்து சுழல்கிறது ஒரு காற்றாலை,
மூன்று சங்கிலிகளில்.
பத்து நிமிடத்துக்கொருமுறை எனக்கு எழுதும்:
சாய்வு, இழுவிசை, நீரின் சூடு,
அடியில் கேட்ட சத்தம்.
வாடகை அறையில், மின்விசிறிக்குக் கீழே,
அதன் இரவுகளை நான் படிக்கிறேன்.
ஒன்பது மாதமாக ஒன்றுமே நடக்கவில்லை.
"நீட்டிப்புக்கு எழுதணும்,
ஒரு நிகழ்வாவது காட்டு" என்கிறார்
முனைவர் சிகப்பி.

நடந்தது.
அதிகாலை இரண்டு பத்துக்கு ஓர் இயந்திரம்,
மூன்று அடிக்கு ஓர் அடி தவறும் இயந்திரம்,
வந்து அணைந்தது.
கயிறு முனகியது.
மூன்றாம் சங்கிலியில் இழுவிசை
ஒரு மயிரிழை ஏறியது.
பிறகு பலகையில் குதிகால் தட்டும் ஓசை,
விட்டு விட்டு, இரண்டரை மணி நேரம்,
அதற்கும் கீழே
மீன்கள் கூடிப் பொரிகிற சத்தம்.

மிதவையில் படகு கட்டக் கூடாது.
பலகையில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
அந்தப் பலகையை ஏற்றிப் போனதும்
அதே படகுதான்.

படிவம் கேட்கிறது: நிகழ்வின் வகை?
மோதல். வலைச் சிக்கல். கருவிக் கோளாறு. மற்றவை.
மற்றவை.
நேரம் எழுதினேன், இழுவிசை எழுதினேன்.
'அடி தவறும் இயந்திரம்' என்று எழுதி
முதல் இரண்டு சொல்லையும் அழித்தேன்.
மூன்றாவது மட்டும் நின்றது,
யாருடையதாகவும் இருக்கலாம் என்பதுபோல்.
அனுப்பினேன்.
நீட்டிப்பு வரலாம்.

வியாழன். எட்டு கேன்.
ஒன்பதாவதாக, ஐஸில் புதைத்த ஒரு பை.
"நைனா குடுக்கச் சொன்னாரு."
பாரை, இரண்டு.

குழாயடியில் உட்கார்ந்து
செதிள் சுரண்டும்போதுதான் நினைவு வந்தது,
பதினேழு அப்படியே இருக்கிறது.