நிஜாமுதீன் பாலம், காலை ஐந்து ஐம்பது

ரயில் நான்கு மணி நேரம் தாமதம் என்று
கைப்பேசி சொன்ன பிறகும் கிளம்பினோம்.
வீட்டில் உட்கார்ந்திருந்தால்
நேற்றிரவுச் சண்டையின் மிச்சம் நடந்திருக்கும்.

மயூர் விஹாரில் கேட்டைத் திறந்த காவலாளி
திறந்துவிட்டோமா என்று
ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.
தெருவிளக்குகள் இருந்தன, கம்பங்கள் இல்லை.
பால் பூத்தின் முன்னால்
சாக்குச் சட்டை போட்ட ஒரு பசு.
கடைசியாகத் தெளிவாகப் பார்த்தது அதைத்தான்.

ஸ்டியரிங் என்னிடம்.
பக்கத்தில் இளம்பரிதி.
பெயரிலேயே சூரியன். ஒரு பயனும் இல்லை.

ஹை பீம் போடு என்றான்.
போட்டேன்.
வெள்ளைச் சுவர்மேல் இன்னொரு பூச்சுச் சுண்ணாம்பு.
இறக்கினேன்.
அவனும் எதுவும் சொல்லவில்லை,
நானும் சொல்லிக்காட்டவில்லை.
யாராவது இதைக் குறித்துவைத்திருக்க வேண்டும்.

கண்ணாடி உள்பக்கம் வேர்த்தது.
பேசாமல் இருப்பவர்கள்
அதிகமாக மூச்சு விடுவார்கள் போல.
ஜன்னலை இரண்டு விரல் இறக்கி
பாட்டை அணைத்து
காதால் ஓட்டினேன்.

அவன் காலடியில் பிரேக் இல்லை.
ஆனாலும் மிதிக்கிறான்.
ரப்பர் விரிப்பில் ஷூ அழுந்தும் சத்தம்
நான் மிதிப்பதற்கு அரை நொடி முன்னால்
ஒவ்வொரு முறையும்.

பாலம் வந்தது டயருக்குத்தான் முதலில் தெரிந்தது.
இணைப்புகளில் தடக், தடக்.
கீழே யமுனை என்று மூக்கு சொன்னது.

முன்னால் ஒரு லாரி,
அதாவது இரண்டு சிவப்புப் புள்ளிகள்.
ஒட்டிப் போனால் வழி தெரியும்.
ஒட்டிப் போனால்
அது நிற்பதும் ஒட்டித்தான் தெரியும்.
வெயில் காலத்தில் மூன்று வரை எண்ணினால் போதும்,
நான் ஆறு வரை எண்ணி விட்ட இடைவெளியில்
ஒரு ஸ்விஃப்ட் வந்து நுழைந்தது,
நான்கு மூலையிலும் மஞ்சள் சிமிட்டிக்கொண்டு.
திரும்பப் போகிறானா, நிற்கப் போகிறானா,
வீட்டில் கல்யாணமா?
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

நான்கில்
சிவப்பு திடீரென்று பழுத்தது.

முதலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.
மூன்றிலிருந்து இரண்டு.
பிறகு பிரேக்,
தூங்கிவிட்ட குழந்தையின் கழுத்தடியிலிருந்து
கையை உருவுகிற மாதிரி.
போதவில்லை.
இரவுப் பனியும் டீசல் கரியும் குழைந்த தார்,
வண்டி என்னைக் கேட்காமல் ஒரு முழம் போனது.
அழுத்தினேன்.
பாதத்தின் கீழ் பெடல் கடகடவென்று நடுங்கியது.
விட்டுடாதே, என்றான்.
விடவில்லை.

ஸ்விஃப்டின் டிக்கியில்
பின்னால் வருபவனுக்காக யாரோ
விரலால் எழுதியிருந்த 'கழுவு' என்ற இந்திச் சொல்லை
வாசிக்கும் தூரத்தில் நின்றோம்.

நின்ற பிறகுதான் பயம் வந்தது, முதுகில்.
பின்கண்ணாடி முழுக்க வெள்ளை.
அந்த வெள்ளைக்குள் யாரோ வந்துகொண்டிருக்கிறார்,
நாங்கள் இருப்பது அவருக்குத் தெரியாது.
பெடலைத் தட்டினேன். மீண்டும். மீண்டும்.
இப்போதுதான் அந்த நான்கு மஞ்சளுக்கு வேலை.
இளம்பரிதி இருக்கையில் முழங்காலிட்டு
பின்பக்கம் திரும்பிவிட்டான்.

வருது.
எவ்வளவு தூரம்?
தெரியல. பெருசாகுது.
தட்டு, தட்டு.

இரண்டு விளக்குகள் வளர்ந்தன,
தலையைக் குனிந்தன,
நின்றன.
அந்த ஆளும் தட்டியிருக்க வேண்டும்
தனக்குப் பின்னால் உள்ளவருக்கு.
பாலம் நெடுக அப்படி ஒரு சேதி
நொய்டா வரைக்கும்கூடப் போயிருக்கலாம்.

முன்னால் என்ன என்று இறங்கிப் பார்த்து வந்தான்.
மூடுபனி நிறத்தில் போர்வை போர்த்திய ஒருவர்
கழன்ற சைக்கிள் செயினை மாட்டுகிறாராம்.
லாரிக்காரர் டார்ச் பிடிக்கிறாராம்.
செல்லில் பார்த்தான்: ரயில் இப்போது ஆறு மணி நேரம்.
நல்லது, என்றான்,
எதை என்று நான் கேட்கவில்லை.

உட்கார்ந்ததும் அவன் கால்
தானாகப் போய் விரிப்பை மிதித்தது.
எடுடா, என்றேன்.
நீ முதல்ல, என்றான்.