நீலக் கேற்றுக்கு அடுத்தது

மூன்றாவது பெட்டிக்குள் இரண்டாவது பெட்டி,
அதற்குள் நாலாவது வரிசை,
வரிசையின் கடைசியில் ஒரு பொத்தான்.
இப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்
போன தை மாதம், மின்விசிறி நின்ற ஒரு பகலில்,
வேலை முடிந்தால் போதும் என்று.

கொழும்பில் தரிந்து ஒரு விளம்பரத்தைச் செருகினான்.
நாலாவது ஐந்தாவதாயிற்று.
விடியப் பார்க்கிறேன்,
நாற்பத்தொரு சோதனையும் சிவப்பு.

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டாலும்
நான் இதைத்தான் சொல்வேன்:
கடற்கரை வீதியால் வந்து
இரண்டாம் ஒழுங்கையில் கிறுகுங்க,
நீலக் கேற்றுக்கு அடுத்தது.
பார்சல் கொண்டுவந்த இம்தாத்
இரண்டு தரம் வந்தான், இரண்டு தரம் போனான்.
"நீலக் கேற் ஒண்டும் இல்லியே ராத்தா."
பக்கத்து வீட்டார் பெருநாளுக்குப்
பச்சை அடித்துவிட்டார்கள்.
கேற் அவர்களுடையது.
வழி மட்டும்தான் என்னுடையது.

மறுகா அந்தக் கருவி வந்தது.
பொத்தான் தொலைந்தால் தானே தேடும்.
நிறம், அகலம், அயல், எழுத்து
எல்லாம் நிறுத்துப் பார்த்து
இதுதான், தொண்ணூற்றொரு வீதம் நிச்சயம் என்று
கை வைக்கும். கேள்வி கேட்காது.
எனக்குச் சந்தோசம், பொய் சொல்லமாட்டேன்.
ஒன்பது இரவு நிம்மதியாகப் படுத்தேன்.
ஒன்பது காலையும் பச்சை,
பெருநாள் கேற்றைப் போலப் பச்சை.

பத்தாம் நாள், வேறெதற்கோ, பதிவுகளைத் திறந்தேன்.

வைத்தியரிடம் நம்பர் எடுக்கிற செயலி அது.
சோதிப்பதற்கென்று நான் படைத்த நோயாளி ஒருவர் இருக்கிறார்:
அப்துல் சோதனை, வயது தொண்ணூற்றொன்பது,
நெஞ்சுவலி,
தொலைபேசி இலக்கம் முழுவதும் சைபர்.
'உறுதிசெய்' என்ற சொல்லைத் தரிந்து எடுத்துவிட்டு
ஒரு சரி அடையாளத்தை மேல் மூலையில் வைத்திருக்கிறான்.
பழைய இடத்தில்,
அதே அகலத்தில், அதே வளைந்த விளிம்போடு
'நீக்கு' நின்றது.
கருவி அழுத்தியது அதைத்தான்.
திரை மாறியது. வெற்றி என்று எழுத்து வந்தது.
நீக்கினாலும் வெற்றிதானே.

ஒன்பது இரவும் அந்த மனிதர்
இல்லாத நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
இல்லாத வைத்தியரின் வாசல்வரை போய்
நம்பர் வெட்டப்பட்டு வீடு திரும்பியிருக்கிறார்.
எந்த வீடு?
விலாசம் கேட்ட கட்டத்தில்
நான் ஒரு புள்ளி மட்டும் வைத்திருந்தேன்.

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.
வெள்ளிக்கிழமை இது வெளியே போகவிருந்தது,
பெயரும் நெஞ்சும் உள்ள ஆட்களிடம்.

கருவியைக் குறை சொல்ல ஏலாது.
நான் சொன்னதைத்தான் அது தேடியது.
நான் சொன்னது பொத்தானை அல்ல,
பொத்தான் அன்றைக்கு நின்ற இடத்தை.

தரிந்துக்கு எழுதினேன்:
ஒவ்வொரு பொத்தானுக்கும் உள்ளே ஒரு பெயர் வை,
பார்க்கிறவருக்குத் தெரியாத பெயர்,
நிறம் மாறினாலும் இடம் மாறினாலும்
சிங்களத்திலிருந்து தமிழுக்குத் திரை மாறினாலும்
மாறாத பெயர்.
இப்போதுதான் அது தானே கண்டுபிடிக்கிறதே என்றான்.
அப்துல் சோதனையின் ஒன்பது ரத்துகளையும் அனுப்பினேன்.
நெடுநேரம் கழித்து
'ஹரி' என்று ஒரு சொல் வந்தது.

கருவிக்கும் ஒரு வரி மாற்றினேன்:
தேடு. ஆனால் தொடாதே.
என்னை எழுப்பு.

இம்தாத் இப்போது கேற்றை விசாரிப்பதில்லை.
வாசல் மின்கம்பத்தில் மஞ்சளில் எழுதிய இலக்கத்தைப்
போனில் குறித்து வைத்திருக்கிறான்.
நானே கொடுத்தது. பெருமையோடு கொடுத்தது.
நேற்றுப் பின்னேரம் நேரே வந்து நின்றான்,
ஒரு கேள்வி இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை.
பார்சல் பக்கத்து வீட்டாருக்கு.
கம்பம் ஒன்று,
அது இரண்டு வீட்டு மதிலும் முட்டுகிற இடத்தில் நிற்கிறது.

"மறுகா எதுகா அவங்கட வீடு?"

பச்சைக் கேற்றைக் காட்டினேன்.