கதவு திறந்திருக்கிறது

கூடு, ஐம்பத்தொன்றாம் வருஷத்துப் பிக்கப்.
நெப்ராஸ்காவில், ஒரு சோளக்காட்டு வேலியோரம் கிடந்தது.
பின்பெட்டித் தரையைக் கிழித்து
மணிக்கட்டுப் பருமனில் ஒரு மல்பெரி.

சேஸிஸ், ஆறு வருஷத்துக்கு முந்தியது.
ஆலங்கட்டி மழையில் அடிவாங்கி
இன்சூரன்ஸ்காரன் செத்ததாக எழுதிய வண்டி.
எஞ்சினுக்கு அது தெரியாது.

நடுவில் நாலரை அங்குலம் தகராறு.

டுவைன் அளந்தான், நான் வெட்டினேன்.
மறுபடி அளந்தான்.
முன்சக்கரம் மட்டும், வளைவின் நடுவில் நிற்காமல்
பந்தியில் இலை கிடைக்காதவன் மாதிரி
ஓரமாய் ஒண்டிக்கொண்டே இருந்தது.
பிப்ரவரி முழுக்க இப்படி.
வெல்டிங் பொறி பட்ட இடமெல்லாம்
பழைய தகரம் பொத்துக்கொண்டு சிரிக்கும்.

ஏப்ரலில் ஒருநாள், ரப்பர் திண்டுகளின் மேல்
சொன்னபடி கேட்டு உட்கார்ந்தது.
எட்டு போல்ட். சுத்தியலே தேவைப்படவில்லை.

சாவியைத் திருப்பினேன்.
கீழிருந்த கம்ப்யூட்டர் கண்விழித்து
தன் பழைய உடம்பைத் தேட ஆரம்பித்தது:
காற்றுப்பை எங்கே? பின்கேமரா எங்கே?
கதவு திறந்திருக்கிறது.
கதவு திறந்திருக்கிறது.

இரண்டும் சாத்தித்தான் இருந்தன.
இருந்தாலும் டுவைன் இறங்கி
அதன் திருப்திக்காக இன்னொரு தரம் ஓங்கிச் சாத்தினான்.
ஒயரைப் பிடுங்கட்டுமா என்றான்.
இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

பதினொரு மைல், மணியோசையோடு போனோம்.
பதிவு அலுவலகத்தில் ஆர்டித், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
எந்த வருஷத்து வண்டி என்று கேட்டாள்.
படிவத்தில் நாலே கட்டம்.
டுவைன் பேனாவை என் பக்கம் தள்ளினான்.