ஒன்பதரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

மங்காஃப், நான்காம் பிளாக், மூன்றாவது மாடி.
பழைய கட்டடத்தின் நெற்றியில் முனிசிபாலிட்டிக்காரன்
சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனதும்
கம்பெனி வேன் எங்களை இங்கே கொண்டுவந்து கொட்டியது.
இன்றோடு ஒன்பது நாள்.
கட்டில் நம்பர் ஐந்து.
மேல்கட்டிலில் பிமல், நேபாளி,
தூக்கத்திலும் காலாட்டுகிறவன்.

டிசம்பரில் ஏசி மெக்கானிக்கை யாரும் தேடுவதில்லை.
எட்டு மாதம் இரைச்சலுக்குள் தூங்கிய காது
இப்போது எல்லாவற்றையும் கேட்கிறது.
சுவருக்குள் தண்ணீர் இறங்குவதை,
அடுத்த அறையில் ஒருவன்
காசை மூன்றாம் முறை எண்ணுவதை.

வைஃபை அடுப்படியில்தான் பிடிக்கும்.
வாஷிங் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் இடையில்
ஓர் ஆள் நிற்கலாம்.
அங்கே நின்று இரவு ஒன்பதரைக்கு
நடுச்சாமப் பூசை காண்கிறேன்.

காண்கிறேன் என்பது பொய்.
கோயிலுக்குள் போனைத் தூக்கிப் பிடிக்க
பெனிட்டாவுக்குக் கூச்சம்.
ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.
தூத்துக்குடியில் நான் இப்போது
ஒரு பைக்குள் இருக்கிறேன்.
இருட்டு.
சாமியார் ஏதோ சொல்கிறார், கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல.
சாவிக்கொத்து உரசுகிறது.
புது வீட்டுச் சாவி. நான் இன்னும் தொட்டதில்லை.

திடீரென மணிகள், எல்லா மணிகளும்.
ஆன்றோ இருமுகிறான்.
கைக்குட்டை எடுக்க அவள் ஜிப்பைத் திறக்க,
கோயில் மொத்தமும் என் காதில் கொட்டுகிறது,
ஒரு மூச்சு நேரம்.
மறுபடி ஜிப்.

அங்கே பிள்ளை பிறந்துவிட்டார்.
இங்கே மணி ஒன்பது முப்பத்தாறு.
மாதா இன்னும் கழுதைமேல் வந்துகொண்டிருக்கிறாள்,
இடுப்பைப் பிடித்தபடி,
இன்னும் எந்தக் கதவையும் தட்டவில்லை.

பூசை முடிந்து வீடு சேர்ந்து வீடியோவில் வந்தாள்.
"ஸ்டார் எரியுது பாருங்க."
தெருவிளக்கு வெளிச்சத்தில்
எது ஸ்டார், எது விளக்கு என்று தெரியவில்லை.
நல்லாருக்கு என்றேன்.
அந்த வீட்டுக்கு எத்தனை மூட்டை சிமென்ட்,
எத்தனை கிலோ கம்பி,
டைல்ஸ் கடைக்கு இன்னும் எவ்வளவு பாக்கி,
எல்லாம் மனப்பாடம் எனக்கு.
எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று
நாலு வயது ஆன்றோவுக்குத்தான் தெரியும்.
அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினான்.

"சாப்பிட்டீங்களா?"
"பிரியாணி" என்றேன்.
பின்னால் பிமல் முட்டையை வாணலியில் உடைத்தான்.
சத்தம் கேட்டிருக்கும்.
கேட்காததுபோல் இருந்தாள்.

அவர்கள் தூங்கப் போனபின்
யூனிஃபார்மை மெஷினில் போட்டேன்.
இந்த ஊரில் அவர் பிறக்க இன்னும் நேரமிருந்தது.
மெஷின் சுற்றியது. கண்ணாடியில் என் சட்டைக்கை
வந்து வந்து தட்டிப் போனது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். கதவு.
எகிப்துக்கார ஹாரிஸ் தூக்கக் கலக்கத்தில் நிற்கிறான்.
அவன் பின்னால் ஒரு பையன்,
பிளாஸ்டிக் சுற்றிய பெட்டியோடு,
ஃப்ளைட் குளிர் இன்னும் உதட்டில்.
ஷஃபீக்காம். பங்களாதேஷ்.
லிஸ்டில் ஆறாம் கட்டில் என்று இருக்கிறதாம்.
ஆறாம் கட்டில் இருக்கிறது. மெத்தை இல்லை.
வாஷிங் பவுடர் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து
விரித்துக்கொண்டிருந்தேன்,
அவன் அதைப் பார்க்கவேயில்லை.
அவன் கேட்ட முதல் கேள்வி,
"பாய், வைஃபை பாஸ்வேர்டு?"

அந்த ஓர் ஆள் இடத்தைக் காட்டினேன்.
மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில்
ஒடுங்கி நின்றான்.

வந்து படுத்தேன்.
சுவர் வழியாக அவன் குரல்.
அவன் பாஷை எனக்குத் தெரியாது.
அழுகிறானா சிரிக்கிறானா என்றுகூடப் பிடிபடவில்லை.
நெடுநேரம் கழித்து ஒரே ஒரு சொல் புரிந்தது.
பிரியாணி.

மணி பன்னிரண்டு ஏழு.
ஐந்துக்கு வண்டி.
மேலே பிமல்
காலாட்டிக்கொண்டிருக்கிறான்.