மூடக்கூடாத வக்கடை

மருந்துக் கவரின் பின்பக்கத்தில்
டொக்டர் நிலூஃபா நாலு அறை கீறினார்,
மேலே இரண்டு, கீழே இரண்டு.
நான் நாவிதன்வெளிப் பக்கம் வட்டவிதானை.
நாலு வயலைக் கண்டால்
எங்கிருந்து எங்கே தண்ணீர் என்றுதான்
கண் போகும்.

“பெரிய குழாய் ரெண்டும் இடம் மாறி முளைச்சிருக்கு.”
சுத்தமானது வந்த வழியே நுரையீரலுக்கு.
கறுத்தது வந்த வழியே உடம்புக்கு.
முகம் கொடுத்துப் பேசாத
இரண்டு வாய்க்கால்.

அப்படியென்றால்
ஒன்றேகால் வருஷம் எப்படி இருந்தாள்?

கீழறைகளின் நடுச்சுவரில் பேனையை ஊன்றினார்.
கடதாசி கிழிந்தது.
“இதில ஒரு ஓட்டை. இதாலதான் கலக்குது.
நுரையீரல் வாசலும் ஒடுக்கம்,
இல்லாட்டி வெள்ளம் புகுந்திருக்கும்.
மூண்டும் இந்த அளவில சேர்ந்து வாறது அபூர்வம்.”

அபூர்வம்.
அந்தச் சொல்லை அதுவரை
லொத்தர் சீட்டுக்காரனிடம்தான் கேட்டிருக்கிறேன்.

“ஓட்டைய அடைக்க எவ்வளவு செல்லும் டொக்டர்?”
“ஐயோ, இப்ப அடைக்கக் கூடாது.
அதுதான் பிள்ளைய வச்சிருக்கு.
கொழும்பில திகதி தருவாங்க,
எல்லாத்தையும் ஒண்டா மாத்தோணும்.”

போன சிறுபோகம்
கண்டத்தின் கடைசி வயல்காரி தவமலர்
இரவோடு இரவாய் வரம்பை வெட்டினாள்.
ஒரு கை நுழையும் அளவு.
விடிய நான் களி வைத்து மிதித்து மூடினேன்.
மேலே புல்லும் பதித்தேன்,
தடம் தெரியாதபடி.
கொப்பியில் தண்டம் எழுதினேன்.
சட்டப்படி சரி. இன்றும் சரி.
அவளுடைய நெல்
குடலையோடு கருகியது.

கல்முனை பஸ்.
களுவாஞ்சிக்குடி தாண்ட
கேஷாயினி வீறிட்டாள்,
உதடு கறுத்தது.
பக்கத்துச் சீட்டுக்காரி குனிந்து பார்த்து,
“புள்ளைக்கு நாவப்பழமா கா குடுத்த?”
சுதாங்கினி வாய் திறக்கவில்லை.
கிளினிக்கில் காட்டித் தந்தபடி
இரண்டு முழங்காலையும் மடித்து
நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.
நான் எண்ணினேன். எதற்கென்று தெரியாமல்
நூற்றுப் பன்னிரண்டு வரை.
நகத்தில் நீலம் வடிந்தது,
மதகை ஒரு விரற்கடை உயர்த்தியதுபோல.
விளையாட்டென்று நினைத்து
முன்சீட்டுப் பையன் பல்லைக் காட்டினான்.
இவளும் காட்டினாள்,
இருக்கிற நாலு பல்லையும்.

கிட்டங்கித் தாம்போதியில் ஓட்டோ மெல்லப் போனது.
“என்ன யோசிக்கிறீங்க?” என்றாள் சுதாங்கினி.
திகதியைப் பற்றி என்றேன்.
பாதி பொய்.

நாளைக்குக் கடைசி வயல்களுக்கு முறைத்தண்ணீர்.
தவமலர் அங்கே நிற்பாள்.
அவளிடம் என்ன சொல்வதென்று தெரியாது,
மண்வெட்டியைக் கொண்டுபோவதா
என்பதும்.